மொழியணி புரியாமல் தடுமாறும் பிள்ளைக்கு: படிவம் 1 முதல் 3 வரை முழுமையான வழிகாட்டி

‘முருகன் மதில் மேல் பூனை போல இருந்தான்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து, முருகனின் நிலை என்ன என்று கேட்டால், ‘சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறான்’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இது என்ன என்று கேட்டால் அதே பிள்ளைகள் யோசிக்காமல் ‘உவமை’ என்று சொல்லிவிடுவார்கள். பெயர் தெரிகிறது, பொருள் தெரியவில்லை.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் இன்னும் பழைய பெயரிலேயே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்கு, அதாவது படிவம் ஒன்றுக்கும் அதற்கு மேலும், போன பிள்ளைகள் இவர்கள். அங்கே தமிழ் வாரத்தில் சில பாடவேளைதான், சில பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகுதான். அதனால் வீட்டில் அம்மாவோ அண்ணனோ உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக. மொழியணி என்றால் உவமை, உருவகம், மரபுத்தொடர், பழமொழி போல, நேர்ப்பொருளைத் தாண்டிப் பேசும் மொழி வழக்குகள்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். அணியின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் பிள்ளை வேலை முடிந்தது என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஓர் அகராதி. இவை எல்லோரிடமும் இருக்கும்.

இதைவிட முக்கியம், பிள்ளைக்கு எழுவாயும் பயனிலையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைக் காட்டி ‘யார்? என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். தடுமாறினால் அன்று மொழியணியைத் தொடவேண்டாம். யாரைப் பற்றிப் பேச்சு என்றே கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அவரை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது எப்படி விளங்கும்?

அடுத்து, பாடத்தில் வரும் பொருள்களைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ‘அத்தி பூத்தாற்போல’ என்பதற்கு ‘அரிதாக’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அத்தி என்றால் மரமா செடியா என்று தெரியாது. அத்திப்பூ காய் போன்ற உறைக்குள்ளேயே பூப்பதால் வெளியே தெரிவதில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி இதைச் சொன்னால் போதும், ‘அரிதாக’ என்பது தானாக ஒட்டிக்கொள்ளும்.

பாடத்திட்டத்தில் மொழியணி என்ற தலைப்பின் கீழ் இரட்டைக்கிளவியும் இணைமொழியும் சேர்ந்தே வருகின்றன. ‘சலசல’ போல இரட்டித்தே வரும் இரட்டைக்கிளவி ஒலியைச் சார்ந்தது, மறைபொருள் தேடும் வேலை அதில் இல்லை. இரண்டு சொற்கள் சோடியாக வரும் இணைமொழியில் ‘மேடு பள்ளம்’ போலச் சில மட்டும் வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும். இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

2. முதல் வாசிப்பு: சொல்லுக்குச் சொல் அப்படியே

வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அது நேராக என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ‘செய்தி காட்டுத் தீ போலப் பரவியது’ என்றால் முதலில் காட்டில் ஒரு தீ, அது மரத்துக்கு மரம் தாவுகிறது. இந்தக் காட்சி மனத்தில் வந்தாக வேண்டும்.

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ‘அது எனக்குத் தெரியும், பொருளைச் சொல்லுங்கள்’ என்பது பிள்ளையின் அவசரம். ஆனால் நேர்ப்பொருள் எந்த இடத்தில் நடைமுறைக்கு ஒத்துவராமல் உடைகிறது என்று கண்டுபிடித்தால்தான் மறைபொருள் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். உடைகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இங்கே ‘செய்தி’க்கும் ‘தீ’க்கும் நடுவில் கோடு விழும், ஏனெனில் செய்தி எரிவதில்லை.

3. யாரைப் பற்றிப் பேச்சு?

இப்போது ஒரே கேள்வி: இந்த வாக்கியம் உண்மையில் எதைப் பற்றியது? விடையை வட்டமிடுங்கள். இலக்கணத்தில் அதற்கு உவமேயம் என்று பெயர், பொருள் என்றும் சொல்வார்கள். அதை விளக்கக் கொண்டுவந்தது உவமை.

பிள்ளைகள் இங்கே வழுக்குவதற்குக் காரணம், உவமைதான் பளிச்சென்று கண்ணில் படுகிறது. குறள் 151-ஐக் கொடுத்துப் பாருங்கள்:

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

எதைப் பற்றிய குறள் என்று கேட்டால் ‘நிலம்’ என்று பதில் வரும். இல்லை, இகழ்பவரைப் பொறுக்கும் மனிதரைப் பற்றியது. நிலம் சாட்சி சொல்ல வந்தது, அவ்வளவுதான்.

4. உருபைத் தேடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

போல, போன்ற, ஒப்ப, அன்ன, நிகர்த்த என்று உவம உருபுகளின் பட்டியலைப் பள்ளியில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளையும் ‘போல’வைக் கண்ட இடமெல்லாம் உவமை என்று எழுதிவிடுகிறது. கீழே உள்ள மூன்றையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள்.

மழை வரும் போல இருக்கிறது.
தம்பியும் அண்ணனைப் போல ஆறடி உயரம்.
தம்பி செம்பனை மரம் போல வளர்ந்துவிட்டான்.

முதலாவது வெறும் ஊகம். இரண்டாவது ஓர் ஆளை இன்னோர் ஆளோடு அளப்பது, அதில் மறைபொருள் எதுவும் இல்லை. மூன்றாவதில்தான் மனிதனும் மரமும் என்ற இரண்டு வேறு இனங்கள் சந்திக்கின்றன. அதுதான் நாம் தேடும் உவமை. வேறு இனமா என்ற கேள்வியைப் பழக்கிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தலைகீழான தவறும் உண்டு. ‘போல’ இல்லாவிட்டால் உவமையே இல்லை என்று நினைப்பது. ஔவையாரின் மூதுரைப் பாடல் ஒன்று, நல்லவருக்குச் செய்த உதவி ‘கல்மேல் எழுத்துப்போல் காணுமே’ என்று தொடங்கி, ஈரமில்லா நெஞ்சத்தாருக்குச் செய்தது ‘நீர்மேல் எழுத்துக்கு நேர்’ என்று முடிகிறது. பிள்ளைகள் முதல் உவமையைப் பிடித்துவிடுவார்கள். இரண்டாவதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அங்கே ‘நேர்’ என்பது உருபின் வேலையைச் செய்கிறது. குறள் 100-இல் ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று வரும்போது அந்த ‘அற்று’தான் உருபு. பழைய செய்யுளுக்குப் போகும் முன் இந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

5. எது ஒத்துப்போகிறது?

எல்லாப் படிகளிலும் நேரம் எடுக்க வேண்டியது இதுதான். உவமையும் தெரிந்தது, பொருளும் தெரிந்தது. இரண்டுக்கும் எது பொது?

தொல்காப்பியம் உவமை தோன்றும் வழி நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. வினை என்பது செயல், பயன் என்பது அதனால் கிடைக்கும் நன்மை, மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். இத்தனை நூற்றாண்டு கழித்தும் படிவம் ஒன்று பிள்ளைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. நோட்டில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு உவமையும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கொடை என்பது பயன். பாம்பு போன்ற சாலை என்பது மெய். பவளம் போன்ற உதடு என்பது உரு.

இந்தப் பயிற்சி இல்லாத பிள்ளை, மனத்தில் முதலில் தோன்றும் தன்மையைப் பிடித்துக்கொள்ளும். ‘உள்ளங்கை நெல்லிக்கனி போல’ என்றால் ‘புளிப்பான அனுபவம்’ என்று எழுதும். நெல்லிக்காய் என்றதும் நாக்கில் புளிப்பு ஊறுவது இயல்புதானே, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உவமைப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். நெல்லிக்கனி என்று மட்டும் சொல்லவில்லை, உள்ளங்கையில் இருக்கும் நெல்லிக்கனி. கையில் இருப்பதால் ஐயமின்றித் தெளிவாகத் தெரிகிறது. விடை ‘உள்ளங்கை’யில் இருக்கிறது, கனியின் சுவையில் இல்லை. அதே மாதிரி, பூனைகள் பல உண்டு, இது மதில் மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே முடிவெடுக்காத நிலை. தவளை என்றால் சத்தம், ஆனால் இது கிணற்றுத் தவளை. அதன் உலகமே அந்தக் கிணற்று வட்டம். கரும்பு இனிக்கும், ஆனால் யானை வாயில் அகப்பட்ட கரும்பு திரும்பி வராது.

‘பசுமரத்தாணி போல’ என்பதில் பிள்ளைகள் ‘பசு’வை மாடு என்றோ பச்சை வண்ணம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். உயிருள்ள, ஈரம் காயாத மரம் என்று சொல்லுங்கள். அதில் ஆணி எளிதாக இறங்கும், பிறகு உறுதியாக நிற்கும். இளம் வயதில் படித்தது மனத்தில் பதிவதற்கு அதனால்தான் இந்தத் தொடர். தாத்தா பாட்டி பால் வெட்டியவர்களாக இருந்தால், ரப்பர் மரத்தில் பால் வடிய அடித்து இறக்கும் தகட்டைப் பற்றி அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்றைய பிள்ளைகளைச் சுற்றிச் செம்பனைதான் இருக்கிறது, பால்மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு.

6. சொல் இடம் மாறினால் உருவகம்

உருவகத்தை ‘போல இல்லாத உவமை’ என்று சொல்லித் தருவது சுருக்குவழி. அது பிறகு பிள்ளையின் காலை வாரிவிடும், ஏனென்றால் ‘மலர்முகம்’ என்பதிலும் ‘போல’ இல்லை. ஆனால் அது உவமைத்தொகை, அதாவது ‘போன்ற’ என்ற உருபு மறைந்து நிற்கும் உவமை.

தமிழில் வரிசையே விடை சொல்லிவிடும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். உவமை முன்னே, பொருள் பின்னே. முகமலர் என்றால் முகமாகிய மலர். பொருள் முன்னே, உவமை பின்னே. இது உருவகம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ‘போன்ற’ போட்டுப் பாருங்கள், பிறகு ‘ஆகிய’ போட்டுப் பாருங்கள். எது இயல்பாக ஒலிக்கிறதோ அதுதான். தேன்மொழி, மொழித்தேன், மதிமுகம், கல்விக்கண், அன்பு வெள்ளம் என்று கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே உட்காரலில் பிடித்துக்கொள்வார்கள்.

செய்யுளில் பாதி உருவகம் மட்டும் சொல்லி மீதியை நம்மிடம் விட்டுவிடுவதும் உண்டு. குறள் 10-இல் ‘பிறவிப் பெருங்கடல்’ என்று பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. படிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஏகதேச உருவக அணி என்ற பெயர் அதற்குத்தான். பெயரைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ‘கடல் என்று சொன்னவர் எதைச் சொல்லாமல் விட்டார்?’ என்ற கேள்வி போதும்.

7. மரபுத்தொடர்: சொற்களைக் கூட்டினால் பொருள் வராது

உவமையில் காரணம் தேடலாம். மரபுத்தொடரில் பல சமயம் காரணம் கிடைக்காது. கம்பி நீட்டினான் என்றால் ஓடிப்போனான், அவ்வளவுதான். இங்கே ஐந்தாம் படியில் செய்ததுபோல ஒற்றுமையைத் தோண்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

தேட வேண்டியது, தொடர் நேர்ப்பொருளில் வந்ததா மரபுப்பொருளில் வந்ததா என்பதை. அதற்கு இரண்டு சோதனைகள்.

ஒன்று, வேற்றுமை உருபு. ‘சாப்பிட்டதும் கையைக் கழுவினான்’ என்பதில் ஐ இருக்கிறது, நேர்ப்பொருள். ‘கூட்டாளியைக் கைகழுவினான்’ என்பதில் கைக்கு ஐ இல்லை, அந்த ஐ கூட்டாளிக்குப் போய்விட்டது. ஆளைக் கழுவ முடியாது என்பதே குறிப்பு. கையைக் கொடுத்தான், கைகொடுத்தான் என்பதும் இப்படித்தான். விதிவிலக்கு இருக்கிறது: ‘மூக்கை நுழைத்தான்’ என்பதில் ஐ இருந்தும் மரபுத்தொடர்தான். ஆகவே சோதனை ஒரு துணை, தீர்ப்பு அல்ல.

இரண்டு, சூழல். கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினார்கள் என்றால் காதுகுத்து விழா. ‘யாருக்குக் காது குத்துகிறாய்?’ என்று கடைக்காரர் கேட்டால் ஏமாற்றாதே என்று பொருள்.

சொல்லை மாற்றக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். அழகாக இருக்கட்டும் என்று ‘கரம் கழுவினான்’ என எழுதினால் மரபு உடைந்துவிடும்.

மரபுத்தொடருக்கு ஆகச் சிறந்த ஆசிரியர் வீட்டுப் பாட்டிதான். மாலையில் வாசலில் உட்கார்ந்து அவர் பேசும்போது காதில் விழுவதைக் குறித்துவரச் சொல்லுங்கள். ‘நல்ல சேதி சொல்லி என் வயித்துல பால வார்த்தடா’ என்பது போன்ற தொடர்கள் பட்டியல் புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாக நிற்கும், ஏனெனில் யார், எப்போது, எந்தக் குரலில் சொன்னார் என்பதும் கூடவே வரும். (தோட்டத்து வீட்டில் பால் என்றால் ரப்பர் பாலா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். குடிக்கிற பால்தான்.)

8. பொருளே வெளியில் சொல்லப்படாத இடம்

பழமொழியில் மூன்றாம் படியின் கேள்விக்கு விடை வாக்கியத்துக்குள் இருக்காது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பதில் வட்டமிட மனிதர் யாருமில்லை. இங்கே கேள்வியை மாற்றுங்கள்: இதை யார், யாரிடம், என்ன நடந்த பிறகு சொல்வார்? எப்போதும் முதலிடம் வாங்கும் மாணவி ஒரு தேர்வில் சறுக்கும்போது என்று பிள்ளை சொல்லிவிட்டால் புரிந்துவிட்டது. சொல்லாமல் ‘வல்லவருக்கும் தவறு நேரும்’ என்று ஒப்பித்தால் புரியவில்லை.

செய்யுளில் இதன் உறவினர் பிறிதுமொழிதல் அணி. குறள் 475:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

பீலி மயிலிறகு, சாகாடு வண்டி. மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சும் முறிந்துவிடும். குலை ஏற்றிய லோரிகளைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி உடனே விளங்கும். ஆனால் விடையில் ‘அதிகப் பாரம் ஏற்றக்கூடாது’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அதிகாரத்தின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியறிதல். தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவது பற்றிய இடம் அது. எளியவர்தானே என்று நினைத்த பகைவர் பலர் ஒன்றுகூடினால் வலியவனும் முறிவான். சொல்லப்படாத பொருளை வெளியே தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது தலைப்புதான்.

9. சுருக்கமாக மற்றவை

மிகைப்படுத்தல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், பசிக்கும்போது குடல் வெளியே வந்துவிட்டது என்று அவர்களே சொல்வார்கள். ‘தோட்டமே கோயிலில் கூடியது’ என்றால் தோட்டத்து மக்கள். இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஆகிவந்திருக்கிறது.

தற்குறிப்பேற்றம் கொஞ்சம் கவனம் கேட்கும். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதில் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’ என்று கைகாட்டித் தடுப்பதாக வரும். காற்றில் கொடி அசைவது இயற்கை. வராதே என்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு. இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வைத்தால் போதும்.

புகழ்வதுபோல் பழிப்பது: ‘தேவர் அனையர் கயவர்’ என்று குறள் 1073 தொடங்கும். பாராட்டு என்று நினைத்தால் அடுத்த அடியில் மாட்டிக்கொள்வீர்கள். மனம் போனபடி நடப்பதில்தான் இருவரும் ஒன்று என்கிறார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனிடம் ‘ரொம்ப நல்லாப் படிக்கிறீங்க ராஜா’ என்று சொல்லும் அம்மாவின் குரலை நினைவுபடுத்தினால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

10. மூன்று மொழிக் கலப்பு

நம் பிள்ளைகள் ஒரே நாளில் மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்றிலும் இதே பாடத்தைப் படிக்கிறார்கள். உதவியும் உண்டு, ஆபத்தும் உண்டு.

உதவி: மலாயில் ‘பாஞ்சாங் தாஙான்’ என்றால் திருடும் பழக்கம், தமிழிலும் ‘கை நீளம்’ அதுவே. ‘காதாக் டி பாவா தெம்புரோங்’, அதாவது கொட்டாங்கச்சிக்கு அடியில் இருக்கும் தவளை, நம்முடைய கிணற்றுத் தவளைதான். பள்ளியில் அதைப் படித்த பிள்ளைக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும்.

ஆபத்து: ‘கெராஸ் கெபாலா’ பிடிவாதம், ஆனால் நம் ‘தலைக்கனம்’ செருக்கு. தலையைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று எழுதுகிறார்கள். சேம்பு இலையில் நீர் ஊற்றுவது மலாயில் வீணாகும் அறிவுரை. தமிழில் தாமரை இலை நீர் போல என்றால் ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பது. காட்சி ஒன்றுதான், ஒன்றில் நீர் நிற்காததையும் மற்றொன்றில் நீர் ஒட்டாததையும் பிடித்திருக்கிறார்கள். இது மாதிரி சோடிகளுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

11. விடையும் சொந்த எழுத்தும்

விடையை இந்த வரிசையில் எழுதப் பழக்குங்கள்: எதைப் பற்றிப் பேச்சு, எதோடு ஒப்பிட்டார், எது பொது, அதனால் என்ன உணர்கிறோம். பெயர் கடைசி வரியில். ‘செய்தி, காட்டுத் தீயோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டும் வேகமாக, யாரும் தடுக்க முடியாமல் பரவும். ஊரில் எழுந்த பரபரப்பு தெரிகிறது. இது உவமை.’ இவ்வளவு எழுதினால் போதும். ‘கவிஞர் மிக அழகாக ஒப்பிட்டுள்ளார்’ என்ற வரியை அடித்துவிடுங்கள், அது எதையும் சொல்வதில்லை.

சொந்தமாக எழுதும்போது பிள்ளைகள் முத்துப் பற்கள், மான் விழி என்று புத்தகத்தில் இருந்து எடுத்துப் போடுவார்கள். மானைப் பார்த்தாயா என்று கேளுங்கள். பார்த்ததில் இருந்து ஒன்று சொல்லச் சொன்னால் ‘புகைமூட்ட நாளில் தெரியும் சாலை விளக்கு போல அவர் முகம் மங்கலாக நினைவிருக்கிறது’ என்பது போல ஒன்று வரும். முதல் முயற்சி கோணலாக இருந்தாலும் விடுங்கள், கட்டத்தில் போட்டுப் பார்த்து அவர்களே சரிசெய்வார்கள்.

கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது ஒரே வாக்கியத்தில் இரண்டு காட்சிகள் மோதுவது. ‘துன்பக் கடலில் எரிந்துகொண்டிருந்தான்’ என்று எழுதினால் கடலில் எப்படி எரியும்? கடலை வைத்துக்கொண்டால் மூழ்கட்டும், தீயை வைத்துக்கொண்டால் எரியட்டும். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.